கமலா தூற்றிய மண்

சென்ற மாதம் ஒரு பெண் எனக்குப் போன் செய்தாள். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற கம்பெனியில் சுற்றுச்சூழல் அதிகாரியாகப் புதிதாகச் சேர்ந்திருக்கிறாளாம். குரலை வைத்துப் பார்த்தால் என் இளைய மகளைவிடச் சின்னவள்.

"அங்கிள், நம்ம கம்பெனி எஸ்டேட்டுங்கள்ள உங்க இடத்துல மட்டும்தான் லோத்தோங் குரங்குக்கு யாரும் தீனி போடுறதில்ல. மத்த இடத்துல சைன்போர்டு வச்சு வச்சு நாங்க களைச்சுப் போயிட்டோம் லா. நீங்க எப்படி நிறுத்துனீங்க? ஒரு பக்கம் எழுதிக் குடுத்தீங்கன்னா எல்லா எஸ்டேட்டுக்கும் அனுப்பிடுவேன்."

ஒரு பக்கத்தில் அடங்காது என்றேன். அடங்குகிற மட்டும் எழுதுங்கள் என்றாள். சரி, எழுதுகிறேன். ஆனால் கம்பெனிக் காலண்டரில் படம் போட்டு அச்சடிக்கிற மாதிரியான கதை இல்லை இது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் எஸ்டேட் மருத்துவ உதவியாளன். பழைய ஆட்கள் வாயில் 'டிரெசர்'. ஊசி போடவும் புண் கட்டவும் ஆபத்தான கேஸ் எது என்று மோப்பம் பிடித்து சுங்கைப் பட்டாணி பெரியாஸ்பத்திரிக்கு வண்டியேற்றவும் கற்றுக்கொடுத்தார்கள். அந்தப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. பிறகு பீடோங்குக்கும் சுங்கை லாலாங்குக்கும் நடுவில் ஒரு செம்பனை எஸ்டேட்டில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கேயே நரைத்தேன்.

குரங்குக்கும் டிரெசருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். எங்கள் எண்ணெயை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள், உங்கள் நிலத்திலுள்ள காட்டு உயிர்களை என்ன செய்கிறீர்கள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். அதுவரை எங்களுக்குப் பிராணி என்றால் இரண்டே வகை. தின்னக்கூடியது, விரட்டக்கூடியது. திடீரென்று எல்லாவற்றையும் காப்பாற்ற ஓர் ஆள் வேண்டியிருந்தது. எஸ்டேட்டில் யாருக்கும் சொந்தமில்லாத வேலை என்று ஒன்று வந்தால் அது டிரெசர் தலையில்தான் வந்து விடியும். வந்து விடிந்தது.

அப்போதைய மேனேஜர் செல்வநாயகம் துரை. பாட்டனார் காலத்தில் யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே உத்தியோகத்துக்கு வந்த குடும்பம். பேச்சில் அந்த வாடை போகவேயில்லை. குரலை உயர்த்த மாட்டார். ஆபீசில் உட்காரவும் மாட்டார். மேசையில் ஒரு கையை ஊன்றி நின்றபடிதான் எல்லாவற்றையும் கேட்பார். யார் என்ன சொன்னாலும் அவருடைய முதல் கேள்வி ஒன்றுதான்.

"நீர் பார்த்தீரோ, கேள்விப்பட்டீரோ?"

கேள்விப்பட்டது என்றால் போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்வார். எனக்கு அந்தக் கேள்வி ஆரம்பத்தில் எரிச்சலாக இருக்கும். பிறகு அதுவே எனக்கும் பழக்கமாகி, வயிற்றுவலி என்று வருகிறவர்களிடம்கூட அதே மாதிரி குடைய ஆரம்பித்தேன்.

ஆற்றோரத்தில் ஒரு பாறை மேடு உண்டு. வேர் இறங்காது என்பதால் வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே எதுவும் நடாமல் விட்ட இடம். கல்லுக்காடு என்போம். அத்தியும் பெத்தாயும் பெயர் தெரியாத காட்டு மரங்களுமாக அடர்ந்து கிடக்கும். அதில்தான் லோத்தோங் கூட்டம் இருந்தது. சாம்பல் கறுப்பு உடம்பு, நீண்ட வால், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம். எங்கள் ஆட்கள் அவற்றைக் 'கண்ணாடிக்காரன்' என்பார்கள். இது கடையில் புகுந்து ரொட்டியைப் பிடுங்குகிற குரங்கு ஜாதி இல்லை. இலை தின்னும், வெட்கப்படும், ஆளைக் கண்டால் உச்சிக்குப் போய்விடும். குட்டி மட்டும் பிறந்த புதிதில் பொன்னிறம். தாயின் கறுப்பு வயிற்றில் அது ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால் யாருக்கும் கல்மனசு இளகிவிடும்.

துரை கல்லுக்காட்டைத் தொடக்கூடாது என்றார். ஆற்றோரச் செம்பனை மரங்களில் சிவப்புச் சாயம் அடித்து, அதற்கு அப்பால் புல் மருந்து அடிக்கக்கூடாது என்றார். லாரி ரோட்டைக் கடக்கும்போது அவை அடிபட்டன. அதற்காகப் பழைய தீயணைப்புக் குழாயை முறுக்கி, ரோட்டுக்கு மேலே மரத்துக்கு மரம் கட்டவைத்தார். அதை அவை கண்டுகொள்ளவே இல்லை. கடைசியில் ஒரு காலை, பிரட்டுக் களத்தில் கூடிய வேலையாட்களின் பேர் கூப்பிட்டு முடித்த நேரம், ஒரு பெரிய பெண் குரங்கு பொன்னிறக் குட்டியோடு குழாயில் நடந்து போயிற்று. துரை தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தார். என் உத்தியோக காலத்தில் நான் முழுச் சந்தோஷமாக இருந்த காலைகளில் அது ஒன்று.

இனி கமலா.

கமலா மருந்தடிக்கும் கேங்கில் வேலை பார்த்தவள். புருஷன் லாரி கவிழ்ந்து இறந்து, எஸ்டேட் இடுகாட்டில் கிடக்கிறான். ஒரே மகன் பிரகாஷ். பையன் பாக்டரி வேலைக்குப் போகும்போது பீடோங் ரோட்டில் மோட்டார் சைக்கிளோடு விழுந்து தலையில் அடிபட்டுக்கொண்டான். பெரியாஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். கல்லுக்காட்டு ஓரத்தில் ஒரு லாரிக்காரர் கட்டிய சின்ன ஆஞ்சநேயர் கோயில் உண்டு. கமலா அங்கே போய், என் பிள்ளை எழுந்து நடந்தால் உன் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை தவறாமல் படைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டாள்.

பிரகாஷ் எழுந்து நடந்தான்.

கமலா வாக்குத் தவறவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் வடையும் வாழைப்பழமும் சர்க்கரைப் பொங்கலும் கோயில் பின்சுவரில் வைத்தாள். முதலில் குரங்குகள் கிட்ட வரவில்லை. ஒரு பழத்தை ருசி பார்த்ததும் வந்தன. பலித்த வேண்டுதலை எஸ்டேட்டில் மூடிவைக்க முடியுமா? பிள்ளை வரம், படிப்பு, வேலை என்று ஆளாளுக்குத் தட்டோடு வந்தார்கள். பாடாங் செராயிலிருந்துகூட வேன் பிடித்து வந்தார்கள். நாங்களும் பார்த்தோம். துரையும் ஜீப்பை நிறுத்திப் பார்த்தார். கூச்சப்படுகிற பிராணி கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டதே, நம் வேலை பலித்துவிட்டது என்றுதான் எல்லாரும் நினைத்தோம்.

அப்புறம் சாவு விழ ஆரம்பித்தது.

முதல் இரண்டும் அழுகிய பிறகே கிடைத்தன. மூன்றாவதை ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை கோயிலுக்குப் பின்னால் உயிரோடு கண்டோம். பெண் குரங்கு. பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. வயிறு உப்பித் தோல் இறுகியிருந்தது. வாயில் நுரை. மார்பில் பொன்னிறக் குட்டி.

விஷம் தின்றவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எஸ்டேட் டிரெசருக்கு அது தலையெழுத்து. அதனால் மனிதர்களுக்குச் செய்வதைத்தான் செய்தேன். கையுறை போட்டுக்கொண்டு உதட்டைப் பிரித்தேன். புல் மருந்தென்றால் நாக்கும் வாயும் வெந்து போயிருக்கும், வேகவில்லை. எலி மருந்தென்றால் ஈறில் ரத்தம் கசியும், கசியவில்லை. பூச்சி மருந்தென்றால் கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும். டார்ச் அடித்துப் பார்த்தேன், சுருங்கவில்லை. நான் வயிற்றைத் தொட்டபோது அது என் மணிக்கட்டைப் பிடித்தது. விரல்கள் அச்சு அசல் மனுஷ விரல்கள். பிடித்தபடியே செத்துப் போனது.

குட்டியைப் பிரிக்க முடியவில்லை. கமலாதான் முந்தானையை விரித்து, கெஞ்சிக் கொஞ்சி, ஒவ்வொரு விரலாக எடுத்தாள். அதற்குள் எஸ்டேட்டே கூடிவிட்டது. ஊர் வாய்க்கு மூடி ஏது? மருந்தடிக்கும் கேங் சிவப்புக் கோட்டைத் தாண்டி அடித்திருக்கும் என்றார்கள். இல்லை, குலை வெட்ட வந்த வங்காளதேசிகள் விஷம் வைத்திருப்பார்கள் என்றார்கள். அந்தப் பையன்கள் பாவம், வேலை, தொழுகை, தூக்கம் தவிர எதையும் அறியாதவர்கள்.

கேங்கின் பேர் அடிபட்டதும் கமலாவுக்கு ஆவேசம் வந்துவிட்டது. குட்டியை என்னிடம் கொடுத்தாள். கோயில் வாசலில் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள்.

"ஆஞ்சநேயா! வாயில்லா சீவனுக்கு வெசம் வச்சது எவளோ எவனோ எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும்ல? அவங்க பெத்த பிள்ள இதே மாதிரி வயிறு உப்பி, வாயில நுர தள்ளி, இந்த மண்ணுலயே கெடக்கணும்! நான் ஒனக்கு ஒழுங்காப் படைச்சது நெசம்னா இது பலிக்கணும்!"

மூன்று தரம் தூற்றினாள். பெண்கள் சிலர் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மண் தூற்றிய சாபத்தைத் திருப்ப முடியாது என்பது எங்கள் ஜனங்களின் நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதீர்கள். அன்று என் கையில் மயிர்க்கால் சிலிர்த்தது. அது மட்டும் நிச்சயம்.

செத்ததை மீன் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்தேன். மறுநாள் வனவிலங்கு இலாகாவின் டாக்டர் ரோஸ் வந்தார். மலாய்க்காரப் பெண், பேச்சு குறைவு. கிளினிக்குக்குப் பின்னால் சிமெண்டுத் தரையில் பிளாஸ்டிக்கை விரித்து வேலையைத் தொடங்கினார். நான் தட்டைப் பிடித்துக்கொண்டேன். துரை சற்றுத் தள்ளி நின்றார்.

இரைப்பையைக் கீறியதும் எழுந்த வாடை எனக்கு நன்றாகத் தெரிந்த வாடை. மூடி மறந்துபோன தோசை மாவு புளித்து வழிந்த வாடை. உள்ளே வாழைப்பழமும் வடையும் பொங்கலும் நுரைத்துக் கிடந்தன. இலை இல்லை. டாக்டர் ரோஸ் மலாயில் மெதுவாக விளக்கினார். இந்த ஜாதிக்கு வயிறே ஒரு புளிக்கவைக்கும் பானை. கடினமான இலையை அப்படித்தான் செரிக்கும். அதில் இனிப்பும் மாவும் போனால் தறிகெட்டுப் பொங்கி, புளித்து, ஊதி, மூச்சை அடைத்துக் கொன்றுவிடும். விஷம் எதுவும் இல்லை, என்சிக், அன்பாகத்தான் கொன்றிருக்கிறார்கள் என்றார். குட்டியைக் கூடையில் வைத்துக்கொண்டு போனார். அதுவும் அதிக நாள் தாங்கவில்லை.

டாக்டரின் வண்டி போன பிறகு துரை கையைக் கழுவினார். அவர் எதையும் தொட்டிருக்கவில்லை. ஆனாலும் கழுவினார்.

"நாளைக்குப் பிரட்டில எல்லாருக்கும் சொல்லவேணும்" என்றார். "தீனி போடக்கூடாது எண்டும் சொல்லவேணும், ஏனெண்டும் சொல்லவேணும்."

"துரை, கமலா மண்ண வாரித் தூத்திருக்கா."

"கேள்விப்பட்டன்."

"நான் பாத்தேன் துரை. கூட்டத்துல வச்சு இதச் சொன்னா அவ அங்கேயே விழுந்துடுவா. ஒரேயொரு புள்ள. சாபம் அவன் மேல விழுந்துடுச்சுன்னு நெனப்பா. சும்மா, பழம் போடாதீங்க, கம்பெனி ஓடர்னு மட்டும் சொல்லுவோம்."

கிளினிக் மேசையில் கையை ஊன்றிக்கொண்டார். "ஓடர் எண்டு சொன்னா நிப்பாட்டுவினமோ? நேர்த்திக்கடனை மேனேஜர் சொல்லி ஆர் நிப்பாட்டினது? மறைச்சா இன்னும் சாகும். சாக்காட்டினது ஆரெண்டு அந்த வங்காளிப் பிள்ளையளைப் போட்டு அடிப்பினம்." என்னைப் பார்த்தார். "பிரட்டுக்கு முன்னம் நீர் போய் அவவுக்குத் தனியச் சொல்லும். கண்டதை மட்டும் சொல்லும். கூட்டாமல், குறைக்காமல்."

அவர் சொன்னது நியாயம். அதுதான் கஷ்டம். துரை அநியாயம் சொல்லியிருந்தால் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

அன்று சாயங்காலமே கமலாவைக் கிளினிக்குக்கு வரச் சொன்னேன். வேலை உடுப்போடு வந்தாள். உட்காரவில்லை.

"யாருன்னு தெரிஞ்சிச்சா டிரெசரையா? டாக்டரம்மா கண்டுபுடிச்சிட்டாங்கதானே?"

"உக்காரு கமலா."

"சொல்லுங்க லா. எந்த நாசமாப் போறவன்?"

"வெசம் இல்ல கமலா."

"அப்புறம்?"

என் தொழிலில் கெட்ட சேதி சொல்வது புதிதில்லை. அவளுடைய புருஷன் செத்ததையும் நான்தான் சொன்னேன். ஆனால் அன்று எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. வயிற்றைக் கீறியதைச் சொன்னேன். அந்த ஜாதிக்கு இலைதான் ஆகாரம் என்றேன். "நீ மாவு ஆட்டி வைக்கிறியே, அதுல சீனியக் கொட்டி வெயில்ல வச்சா என்ன ஆகும்?"

"பொங்கி ஊத்திடும்."

"அதோட வயித்துக்குள்ள அதான் ஆயிருக்கு."

ஒரு நொடிகூட ஆகவில்லை. புரிந்துகொண்டாள். இரண்டு கைகளையும் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள்.

"நான் வச்ச படையலா?"

"ஒன்னோடது மட்டும் இல்லம்மா. எல்லாரும்தான் வச்சாங்க."

"மொதல்ல வச்சது நான்தானே. மண்ணத் தூத்துனதும் நான்தானே."

"தெரியாமச் செஞ்சதுக்குச் சாபம் ஏது கமலா? சாமிக்கு அது தெரியாதா?"

அவள் என்னைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. "நான் கேக்கறப்ப, தெரிஞ்சு செஞ்சவன் தெரியாம செஞ்சவன்னு பிரிச்சாய்யா கேட்டேன்?"

அவளிடம் உண்மையைச் சொன்னது சரிதான், மறுபடி அப்படி நேர்ந்தாலும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சரியான காரியம் செய்தவன் நிம்மதியாகத் தூங்குவான் என்று எவனாவது சொன்னால் நம்பாதீர்கள்.

அவள் அழவில்லை. வாசல்வரை போய்த் திரும்பி, "இந்த மண்ணுலயேன்னுதானே சொன்னேன்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "இந்த மண்ணுலயேன்னுதான் சொன்னேன்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டே போனாள். அப்போது எனக்கு அதன் அர்த்தம் விளங்கவில்லை.

மறுநாள் காலை துரை பிரட்டில் சொன்னார். யார் பெயரையும் எடுக்கவில்லை. எடுக்கவும் தேவையில்லை, எல்லாருடைய கண்ணும் கமலா நிற்கிற இடத்துக்குத்தான் போயிற்று. அவள் தலையைக் குனியாமல் நின்றாள். தன் வினை தன்னைச் சுடும் என்று கங்காணி வேலை பார்க்கும் ஒரு மண்டோர் முணுமுணுத்தான். அவனை நான் கிளினிக்குக்கு வரவழைத்துப் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது.

பிரகாஷ் அதற்கு முன்பே எஸ்டேட்டில் இல்லை. விடிவதற்குள் அவனை எழுப்பி, துணிமணியைக் கட்டிக்கொடுத்து, ஜோகூரில் இருந்த தன் தம்பி வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டிருந்தாள். இந்த எஸ்டேட் மண்ணில் இனி காலை வைக்கக்கூடாது என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். சாபம் இந்த மண்ணில்தானே கிடக்கிறது, அவன் மிதித்தால்தானே பிடிக்கும். அவள் கண்டுபிடித்த வழி அது. பிரகாஷ் படித்த பையன், அவனுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. அம்மாவின் மனசுக்காக ஒத்துக்கொண்டான்.

சனிக்கிழமை வந்தது. கமலா வெறும் கையோடு கோயிலுக்குப் போய்ப் பின்சுவர் ஓரமாக நின்றாள். தட்டோடு வந்தவர்களிடம் ஒரே வார்த்தைதான்: "வேணாம்க்கா. எனக்கு நேந்தது உங்களுக்கு வேணாம்." யாரும் அவளைத் தாண்டிப் போய்த் தட்டை வைக்கவில்லை. போர்டைத் தாண்டலாம், அவளைத் தாண்ட முடியாது. கண்ணாடிக்காரர்கள் வழக்கம் மறக்காமல் இறங்கி வந்தன. சுவரில் வரிசையாக உட்கார்ந்து காத்திருந்தன. ஒன்று இறங்கி அவளுடைய சேலையைப் பிடித்து இழுத்தது. அவள் முஷ்டியை இறுக்கிக்கொண்டு நின்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் தன் பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது. பல சனிக்கிழமைகள் அப்படிப் போயின. பிறகு அவை இறங்கி வருவது குறைந்தது, நின்றது. அவள் நிற்பது நிற்கவில்லை.

துரை ஓய்வு பெற்றுப் பினாங்குக்குப் போனார். நானும் ஓய்வு பெற்றேன். ஆடிட்டர்கள் வந்து, லோத்தோங் பெருகியிருக்கிறது என்று பாராட்டினார்கள். காலண்டரில் பொன்னிறக் குட்டியின் படம் வந்தது. பிரகாஷுக்குச் சுங்கைப் பட்டாணி மண்டபத்தில் கல்யாணம் நடந்தது. பேரன் பிறந்தான். கமலா அவர்களைப் பார்க்கவேண்டுமானால் பீடோங் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் போய்ப் பார்ப்பாள். போவதற்கு முன் செருப்பைக் கழுவுவாள். எஸ்டேட் மண் ஒட்டியிருக்கக்கூடாதாம். ஜோகூருக்கே வந்துவிடு என்று மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். "நான் வந்துட்டா சனிக்கிழம அங்க யாரு நிக்கிறது?" என்பாள்.

போன வருஷம் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள். புருஷனுக்குப் பக்கத்தில், எஸ்டேட் இடுகாட்டில் புதைக்கவேண்டும் என்று சொல்லி வைத்திருந்தாள்.

பிரகாஷ் வந்தான். எஸ்டேட் கேட்டுக்கு வெளியே, தார் ரோட்டில் காரை நிறுத்திவிட்டு இறங்கி நின்றான். உள்ளே வாடா, உன் அம்மாடா என்று ஊரே கூப்பிட்டது. அவன் அசையவில்லை. "சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன் அங்கிள்" என்றான் என்னிடம். "எனக்கு நம்பிக்க இல்ல. ஆனா அம்மா இத்தன வருஷம் எனக்காக நின்னாங்க. இன்னிக்கு மட்டும் எப்படி நான் உள்ள போறது?"

அதனால் பாடையைக் கேட்டுக்குத் தூக்கி வந்தோம். தார் ரோட்டில் வைத்து வாய்க்கரிசி போட்டான். குலை ஏற்றிய லாரிகள் இரண்டு பக்கமும் காத்து நின்றன. டிரைவர்கள் இறங்கி நின்றார்கள். பிறகு நாங்கள் அவளை உள்ளே எடுத்துக்கொண்டு போனோம். அவன் நின்ற இடத்திலேயே நின்றான்.

குழியில் இறக்கியதும் முதல் மண் மகன் போடவேண்டியது. பூசாரி என்னைப் பார்த்தார். நான்தான் குனிந்து ஒரு பிடி அள்ளினேன். அவள் அன்று வாரியெடுத்த அதே செம்மண். போட்டேன்.

நான் கேட்டுக்குத் திரும்பி வந்தபோது பிரகாஷ் என் கைகளைப் பார்த்தான்.

"போட்டுட்டீங்களா அங்கிள்?"

போட்டுவிட்டேன் என்றேன். காரிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து வந்து, ஒரு துளி மண் இல்லாமல் என் கைகளைக் கழுவிவிட்டான்.